கெப் ஸ்டார்ட் வராத காலை

பழைய வாகனம் வாங்கி இன்னும் பட்டு அறியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாகனம் ஸ்டார்ட் வரவில்லையென்றால் முதலில் கேற்றைப் பூட்டுங்கள். அதற்குப் பிறகு பொனட்டைத் திறவுங்கள். கேற் திறந்திருக்கப் பொனட்டைத் தூக்கினீர்களோ, தெருவில் உள்ள ஆம்பிளைகள் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். வந்தவர்கள் வாகனம் ஓடும்வரை போகமாட்டார்கள். ஓடினாலும் போகமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பிக்அப் இருக்கிறது. கடதாசியில் எப்படி எழுதியிருந்தாலும் மருதமுனையில் அதற்குப் பெயர் கெப். எங்களுக்குக் கைத்தறிச் சாரி, சாரன் யாவாரம். நூல் மூட்டைகளும் நெய்த துணிகளும் அதில்தான் போய்வரும். என் கணவர் அதைக் கழுவுவார், துடைப்பார், தடவுவார், உடுப்பு மாற்றிவிடாத குறைதான். எனக்குக் காய்ச்சல் வந்தால் குளிசை எங்கே இருக்கிறது என்று என்னிடமே வந்து கேட்கிற மனிசன் அவர்.

அன்று விடியச் சுபஹுத் தொழுகை முடிந்து பாயை மடிக்கும்போது போன் வந்தது. பொத்துவிலில் இருந்து மதினி, காக்காவின் பெண்சாதி. காக்கா மவுத்தாகிவிட்டார்.

எனக்கு அண்ணன் என்று இருந்தது அந்த ஒரே ஒரு காக்கா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அதனால் நான் பிறந்த வளவுக்குள்ளேயே இருக்க, காக்கா மட்டும் பொத்துவிலுக்குப் போனார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து போன் எடுப்பார். "என்ன கறி தங்கச்சி?" என்பார். நான் கறியைச் சொல்லி, அதற்குள் போட்ட புளியையும் சொல்லி முடித்ததும், "சரி, வைக்கிறன்" என்பார். அதற்குமேல் கதை இருக்காது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம் என்றா மதினி. எங்களில் மையத்தை வைத்துக்கொண்டு இருப்பதில்லை, எவ்வளவு கெதியாக அடக்க முடியுமோ அவ்வளவு கெதியாக அடக்கிவிடுவார்கள். அடக்குகிற மையவாடிக்குப் பெண்கள் போவதும் இல்லை. ஆகவே மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்பு அந்த வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தால் காக்காவின் முகத்தைப் பார்க்கலாம். தூக்கிய பிறகு போனால் எனக்கு ஒன்றுமில்லை. பிந்திப் போகிற ஆம்பிளை மையவாடிக்கு ஓடிப்போய் ஒரு பிடி மண்ணாவது போடுவான். எனக்கு அந்த வீட்டுக் கூடம்தான் கடைசி. காலையிலேயே புறப்பட்டால் அக்கரைப்பற்றில் நின்று, கோமாரியில் நின்று, ஆறுதலாகப் போனாலும் நேரம் தாராளம்.

அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்து கெப்பில் ஏறினேன். கணவர் திறப்பைத் திருப்பினார். கிர்ர் கிர்ர் கிர்ர் என்று எஞ்சின் நன்றாகச் சுற்றியது. ஸ்டார்ட் வரவில்லை.

பழகுகிறவர்கள் இந்த இடத்தில் காதைக் கொடுக்க வேண்டும். திறப்பைத் திருப்பும்போது 'டிக்' என்று மட்டும் கேட்டால், அல்லது ஒன்றுமே கேட்காவிட்டால், பற்றரியைப் பாருங்கள். வயர் பூட்டுகிற முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும், அதைச் சுரண்டுங்கள். கடல் பக்கத்து ஊர்களில் உப்புக்காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. ஆனால் எஞ்சின் பலமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பற்றரியில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே டீசல் போகவில்லை, அல்லது டீசலோடு வேறெதுவோ போகிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அடுப்பு பற்றாவிட்டால் சிலிண்டரில் காஸ் இருக்கிறதா என்று பார்க்கிற புத்தி போதும். நானும் கேட்டேன்.

"டீசல் சரியா வருதா எண்டு பாருங்களன்."

"நேத்துத்தான் அடிச்ச. நீங்க சும்மா இரிங்க புள்ள" என்றார்.

சும்மா இருந்தேன். கேற் திறந்திருந்தது. முதலில் வந்தவர் எதிர்வீட்டுக்காரர். கட்டார் நாட்டில் பெரிய லொறி ஓட்டியவர் என்று ஊருக்குள் பேர். ஓட்டினாரா, பின்னுக்கு மூட்டையோடு மூட்டையாக இருந்து போனாரா என்று ஒருவருக்கும் தெரியாது. என் கணவர் விசயத்தைச் சொன்னார். அந்த மனிசன் "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று சொன்ன வாயை மூடவில்லை, அதே மூச்சில், "என்ன, பற்றரியா?" என்றார். பின்னால் வந்த ஆறேழு பேரும் அப்படித்தான். என் காக்காவுக்கு ஒரு வரி, கெப்புக்கு மிச்சம் எல்லாம். சீ என்று போய்விட்டது எனக்கு.

பற்றரிதான் என்று கட்டார்க்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு கேத்தல் நிறையக் கொதிதண்ணீர் கேட்டார், கொடுத்தேன். பற்றரியின் தலையில் ஊற்றினார்கள். கிர்ர் கிர்ர். வேறு பற்றரி கொண்டுவந்து மாட்டினார்கள். கிர்ர் கிர்ர். தள்ளினால் வரும் என்றார் ஒருவர். கடற்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் மணலில் இறக்கிவிட்டு, பிறகு மணலில் இருந்து எடுக்கத் தள்ளினார்கள். வாசலுக்குத் திரும்பி வந்து சேர்ந்ததும் கட்டார்க்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிளேன்டி ஒண்டு கிடைக்குமா, தங்கச்சி?"

அல்லாவே! மையத்து வீட்டுக்குப் போக நிற்கிறவளிடம் தேத்தண்ணி. போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய? அவசரத்தில் சீனி நிலத்தில் சிந்தியது. ஒரு மனிசன் குடித்துப் பார்த்துவிட்டு இனிப்புக் காணாது என்றான். அந்தக் கோப்பையில் இன்றைக்கும் நான் ஒருவருக்கும் தேத்தண்ணி ஊற்றுவதில்லை.

"நான் பஸ்ஸில போறன்" என்றேன் கணவரிடம்.

"உங்கட காக்காட மவுத்துக்கு பஸ்ஸில போய் இறங்கிறதா? நான் எங்க போய் முகத்த வைக்கிற?"

"அப்ப ஒரு வேன் பிடிங்க."

"சொந்த வாகனம் வாசல்ல நிக்க, ஹயருக்குப் பிடிச்சிப் போறதா? அங்க உள்ளவங்க என்ன கதைப்பாங்க? கொஞ்சம் பொறுங்க. இந்தா வந்திரும்."

இந்தா வந்திரும், இந்தா வந்திரும். வெயில் ஏறிவிட்டது. மதினி போன் எடுத்து, குளிப்பாட்டி முடிந்துவிட்டது என்றா. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் மெயின் ரோட்டுக்கு நடந்தேன். ரோட்டில் கால் வைக்கும்போது பின்னால் கூச்சல். "ஸ்டார்ட் வந்திட்டு! வாங்க, வாங்க, ஸ்டார்ட் வந்திட்டு!" என் கணவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார். திரும்பினேன். பொத்துவில் பஸ் என் முதுகுக்குப் பின்னால் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

வீட்டு வாசலில் கெப் நின்ற மாதிரியே நின்றது. ஒரு தரம் இருமி, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டதாம். அதைத்தான் ஸ்டார்ட் என்று கத்தியிருக்கிறார்கள்.

"உங்கட கண்ணெல்லாம் என்ன பொட்டையா?" என்று அவ்வளவு ஆம்பிளைகளுக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். பாவம், துக்கத்தில் கதைக்கிறா என்று விட்டுவிட்டார்கள். அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

பிறகு கட்டார்க்காரர் ஒரு குழாயை டீசல் போகிற வழியில் மாட்டி வாயால் உறிஞ்சினார். உறிஞ்சியதை என் கறிவேப்பிலைக் கன்றின் அடியில் துப்பினார். இன்னும் எதைக் கழற்றலாம் என்று கையை விட்டவர், டீசல் பில்டருக்கு அடியில் இருந்த சின்ன ஆணியை என்னவென்று தெரியாமலே திருகிவிட்டார். கீழே வைத்திருந்த பேசினுக்குள் தண்ணீர் வடிந்தது. டீசல் இல்லை, தெளிந்த தண்ணீர். ஆளுக்கு ஒரு விரலை விட்டு மணந்து பார்த்தார்கள்.

"ஷெட்காரன் டீசலுக்குத் தண்ணி கலந்திரிக்கான்! வாங்கடா, போய் ரெண்டில ஒண்டு பாப்பம்!" என்று கட்டார்க்காரர் சாரனை இறுக்கினார். எல்லோரும் சண்டைக்குக் கிளம்பிவிட்டார்கள். பொத்துவிலுக்குப் போக வேண்டிய வாகனத்தை விட்டுவிட்டு, டீசல் அடித்த எண்ணெய் ஷெட்டுக்கு!

என் கணவர் மட்டும் அசையவில்லை. அந்த நிற்பு எனக்குத் தெரியும். வீட்டில் ஏதாவது உடைந்தால் அப்படித்தான் நிற்பார்.

"ஷெட்டில பிழையில்ல காக்கா" என்றார் கடைசியில் கட்டார்க்காரரிடம். "முந்தநாள் ஆலிம்சாக்கிட்ட தண்ணி ஓதி எடுத்த. கண்ணூறு படாம இரிக்க. நாலு டயருக்கும் தெளிச்ச, பொனட்டுக்கும் தெளிச்ச. அரைப் போத்தல் மிஞ்சிட்டு. கீழ ஊத்தினா மிதிபடும்தானே."

"அதுக்கு?" என்றேன்.

"டாங்கிக்குள்ள ஊத்தின."

ஓதின தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது என்பது உண்மைதான். எங்கள் வீட்டிலும் மிஞ்சினால் குடித்துவிடுவோம், அல்லது வளவு மூலையில் ஆள் நடமாடாத இடத்தில் மரத்தடியில் ஊற்றுவோம். ஆலிம்சாவும் நல்லதற்குத்தான் ஓதிக் கொடுத்தார். டீசல் டாங்கிக்குள் ஊற்றச் சொன்னது யார்? இந்த மனிசனுக்கு வாய் இல்லையா? இரண்டு மிடறில் குடித்து முடித்திருக்கலாமே! மேலே டீசல் அடிக்க, தண்ணீர் அடியில் போய் இருந்து, இரவோடு இரவாகப் பில்டருக்குள் இறங்கி, என் காக்காவின் மவுத்து நாளுக்குக் காத்திருந்திருக்கிறது.

ஒருவராவது சிரிப்பார், ஒருவராவது ஏசுவார் என்று பார்த்தேன். கட்டார்க்காரர் தலையை ஆட்டினார்.

"அது சரிதான். மிதிபடக் கூடாதுதான். நிய்யத்து நல்லம், எண்ணம் சுத்தம்."

மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். அதோடு விட்டார்களா? பேசினில் இருக்கிற தண்ணீரை இப்போது எங்கே ஊற்றுவது என்று தொடங்கிவிட்டார்கள். ஓதின தண்ணீர், ஆனால் டீசல் கலந்தது. கழிவுத்தண்ணி போகிற காணுக்குள் ஊற்றலாமா, ஊற்றினால் குற்றமா? ஒருவர் பள்ளிவாசலில் கேட்டு வரலாம் என்றார். நான் பேசினைப் பறித்துக்கொண்டு போய் மூலைத் தென்னையடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

"இனி எண்டாலும் வண்டிய எடுங்க, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மிச்ச வேலை லேசு. நீங்களும் செய்யலாம். பில்டருக்கு அடியில் உள்ள ஆணியைத் திருகி, தண்ணீர் போய் வெறும் டீசல் வரும்வரை வடிய விடுங்கள். டாங்கிக்கு அடியிலும் ஒரு மூடி இருக்கும், அதையும் திறந்து அடியில் நிற்பதை வடியுங்கள். பூட்டிவிட்டு, பில்டருக்கு மேலே கையால் அமத்துகிற பம்பைக் கை வலிக்க அமத்துங்கள். குழாய்க்குள் போன காற்று வெளியே வரவேண்டும். பம்ப் இறுகினால் திறப்பைத் திருப்புங்கள். இவ்வளவுதான். காலையில் நான் கேட்டபோது பார்த்திருந்தால், தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் முடிந்திருக்கும்.

கெப் ஓடியது. அக்கரைப்பற்றில் போன் எடுத்தேன். "வச்சிரிக்கம், வாங்க" என்றா மதினி. அதற்குப் பிறகு எடுத்த போனுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் கைக்குள் போனை வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டு வந்தேன். கோமாரி தாண்டும்போது என் கணவர் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"சத்தத்தப் பாருங்களன். இப்ப பஞ்சு மாதிரிப் போகுது."

நான் அவருடைய பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அன்றைக்கு இரண்டு ஜனாஸா.

பொத்துவிலில் மதினியின் தெருவுக்குள் திரும்பினோம். எதிரே ஆம்பிளைகள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். எல்லோர் காலிலும் மணல். யாரிடமும் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

மதினி உள்ளறையில் இருந்தா. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அரை மணித்தியாலம் வச்சிரிந்த மச்சி. பள்ளியில ஏசிட்டாங்க. அவர்ட தங்கச்சி வாறா, வாறா எண்டு நானும் எவ்வளவு செல்லிப் பாத்தன்" என்றா. கூடத்தின் நடுவில் கட்டில் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. சாம்பிராணி மணமும் கற்பூர மணமும் அப்படியே நின்றன. சீமெந்துத் தரையில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

காக்காவின் மூத்த மகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமி, உங்களுக்காக முகம் எடுத்து வச்சன். இதில இரிக்கி, பாருங்க" என்று போனை நீட்டினாள்.

யாரோ ஒருவரின் தோளுக்கு மேலாக எடுத்த படம். வெள்ளைக் கபன் துணி, பக்கத்தில் ஒரு கை, நடுவில் சின்னதாக முகம். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். பெரிதாக்கியதும் கண்ணும் மூக்கும் கலைந்து கட்டம் கட்டமாகப் போய்விட்டது. சின்னதாக்கினேன். எந்தப் பிள்ளையின் வாப்பாவோ படுத்திருந்த மாதிரி இருந்தது.

"பாத்திட்டீங்களா மாமி?" என்று கேட்டாள். அவளுக்கும் வாப்பா இல்லாமல் போன நாள்தானே.

"ஓம் மகள், பாத்திட்டன்" என்றேன்.

பொய். என் காக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.