தெற்கு பார்த்த விளக்கு

மருங்காபுரியில் கடலை வறுத்து விற்கும் மயிலம்மாளுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் அரண்மனை உத்தியோகம் கிடைத்தது. ராஜா காலத்துப் படம் ஒன்றுக்காக ஊருக்கு வெளியே அரண்மனை செட் போட்டிருந்தார்கள். ராணிக்குப் பின்னால், குத்துவிளக்கருகே அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். சும்மா இருந்தே பழகாதவருக்கு இதைவிடக் கடினமான வேலையை யாரும் கொடுத்திருக்க முடியாது.

ஒளிப்பதிவாளர் கொள்கைக்காரர். ராஜா காலத்தில் மின்சாரம் இல்லை, ஆகவே காட்சியிலும் விளக்கொளி மட்டும்தான். வெளியே இரண்டு ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

ராணியின் கன்னத்தில் ஒளி விழ, ஒற்றைத் திரி தெற்கே பார்த்து எரிந்தது. கேமரா ஓடத் தொடங்கியதும் மயிலம்மாளின் கை தானாக நீண்டு விளக்கைக் கிழக்கே திருப்பியது.

"அம்மா, தொடாதீங்கம்மா!" உதவியாளர் கோவிந்த் கத்தினார்.

"தெக்க பாத்து எரியுது தம்பி. வீட்டுக்கு ஆகாது."

"இது வீடில்லம்மா, தெர்மாகோல்!"

"வெளக்கு நெசந்தானே?"

மறுமுறை கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். காட்சி சரியாக வந்தது.

படத்தில் வருவதாகத் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. திரையில் தெரியாவிட்டால் நாத்தனார் ஆனந்தவள்ளி ஆயுசுக்கும் விடமாட்டாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மயிலம்மாள் விளக்கைத் திருப்பி வைப்பதில் இருவருக்கும் பழைய தகராறு வேறு.

படம் வந்ததும் தெருவே பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தியேட்டருக்குப் போனது. எந்தக் காட்சியையும் நிறுத்திச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அத்தனை அழகு. ராணிக்குப் பின்னால் மட்டும் கும்மிருட்டு.

"அண்ணி, நீங்க எங்க? கரி பூசி உக்கார வச்சுட்டாங்களா?"

மயிலம்மாள் அந்த இருட்டுக்குள் தன்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பின் ராணி நாட்டை இழக்கும் கட்டம். இருட்டிலிருந்து ஒரு கை வந்து விளக்கைத் திருப்பியது. ராணியின் முகம் மெல்ல நிழலில் மூழ்கியது. தியேட்டர் மூச்சடக்கியது.

"அடியாத்தி, எங்க அண்ணி கை!" ஆனந்தவள்ளி எழுந்தே நின்றுவிட்டாள். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் திருப்புவாங்க!"

அந்தக் கை சாம்ராஜ்யத்தின் அஸ்தமனம் என்று மறுநாள் ஒரு விமர்சகர் எழுதினார். மயிலம்மாளுக்கோ ஒரே குறை: முழுதாகத் திருப்புவதற்குள் வெட்டிவிட்டார்கள். தினம் நாலு காட்சி, விளக்கு தென்கிழக்கோடு நின்றுவிடுகிறது.