கொப்பளித்துத் துப்பிய தண்ணீர்

"இந்த வயசுல எதுக்கும்மா பிஎச்.டி.?"

நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பயோமெடிக்கல் துறையில் எனக்குள்ள ஈடுபாடு, சமுதாயப் பொறுப்பு, பள்ளியில் அறிவியல் நடத்திய அனுபவம் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி ஒப்பித்தால் நான் நிற்க வைத்துத் திட்டுவேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். என் அக்காவுக்கு ஒரு பதில் வேண்டும்.

ஸ்டாஃப் ரூமில் இன்க்ரிமென்ட்டுக்காக என்று பேசிக்கொண்டார்கள். "பேரன் பேத்தி எடுக்கற வயசுல டாக்டர் பட்டம் கேக்குதா டீச்சருக்கு?" என்று கணக்கு வாத்தியார் கிண்டலடித்தார். வேறு நாளாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு அப்போது வாயைத் திறக்கவே தெம்பில்லை. அன்று காலையில்தான் அக்காவை டயாலிசிஸ் படுக்கையில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்திருந்தேன்.

அக்கா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். நான் பள்ளிக்கூடம் போன வயதிலேயே அவள் உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டாள். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள் படுத்து நான் பார்த்ததில்லை. திடீரென்று முகம் வீங்கியது, கால் வீங்கியது, சோறு இறங்கவில்லை. பாண்டிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்றார்.

"சுகர் இல்ல, பிரஷர் இல்ல, கல்லும் இல்ல. எதனாலன்னு சொல்ல முடியலம்மா. சில பேருக்கு இப்படி ஆயிடுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சாவறதப் பத்தி ஒன்னும் இல்லடி. எல்லாரும் ஒரு நாள் போறதுதான். எனக்கு ஏன் வந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூச தவறுனதில்ல. யாரு குடியையும் கெடுத்ததில்ல. நீ சயின்ஸ் டீச்சர்தானே, நீ சொல்லேன்."

கலர் சாக்பீஸால் கரும்பலகை நிறைய கிட்னியின் நெஃப்ரான் படம் போடுகிறவள் நான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. உப்பளத்தில் ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான பாத்திதான், ஒரு செடி மறைப்பு இல்லை. பக்கத்துப் பாத்தியில் ஆம்பிளைகள். சவுக்குத் தோப்பு வரை போய் வந்தால் மேஸ்திரி முகத்தைச் சுளிப்பான். அதனால் அந்தப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பாட்டில் கொண்டுபோவார்கள். வாய் வறண்டால் ஒரு மடக்கு எடுத்துக் கொப்பளித்துத் துப்புவார்கள். விழுங்க மாட்டார்கள். வயசுக்கு வந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். சித்திரை வெயிலில், கீழே உப்பு கொதிக்க, வருஷக்கணக்காக இப்படி.

இதைத்தான் ஆராய்ச்சித் தலைப்பாகக் கொண்டுபோனேன். கைடாக வந்த மேடம் பொறுமையானவர். முதலில் சின்னதாக ஒரு முன்னோட்டம் செய்யலாம், உப்பளத்துப் பெண்களிடம் வேலை நாளன்று சிறுநீர் சாம்பிள் எடுத்து வாருங்கள் என்றார். ஒரு எச்சரிக்கையும் செய்தார். "தண்ணி குடிக்காததாலதான்னு நீங்க சந்தேகப்படறது அவங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பழக்கத்த மாத்திப்பாங்க. ரிசல்ட் கெட்டுடும்."

அதனால் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. "உன் கூட வேலை செஞ்சவங்ககிட்ட ஒன்னுக்கு டெஸ்ட் எடுக்கணும்க்கா, என் படிப்புக்கு" என்று மட்டும் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தப் பெண்கள் அவளைப் பார்க்க வருவது வழக்கம். அவளே அவர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். உப்பள முதலாளியிடம் நான் அனுமதி கேட்டு வாங்கினேன்.

சாம்பிள் எடுத்த அன்று அவர்கள் பாத்தி ஓரத்தில் கொம்பு நட்டு, இரண்டு பழைய புடவையைக் கட்டி மறைப்பு போட்டிருந்தார்கள். என் பாட்டில்களுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். "நல்லா பாஸ் பண்ணு டீச்சரு" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து மேடம் கூப்பிட்டார்.

"எல்லாமே நார்மல்மா. ஒருத்தருக்கும் ஒன்னும் இல்ல. சொல்லப்போனா நல்லாத் தண்ணி குடிக்கிற ஜனங்க. நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா இருக்குது. இத வச்சிக்கிட்டு கமிட்டி முன்னாடி நிக்க முடியாது. வேற டாபிக் பாருங்க."

மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். அடுத்த சீசன் வரட்டும் என்றார். மழை தொடங்கி உப்பளம் முழுக்க வெள்ளம் நின்றது. அடுத்த சீசன் வரை அக்கா தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லாமல் சொல்லியிருந்தார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளவுதான். பக்கத்தில் ஒரு டம்ளரும் கிண்ணமும் எப்போதும் இருக்கும். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்புவாள். மற்ற நோயாளிகள் தாகத்துக்குக் கெஞ்சுகிறார்கள், உங்க அக்கா மட்டும் தங்கமானவங்க என்று நர்ஸ் பாராட்டுவார். பழக்கந்தானே என்று அக்கா சிரிப்பாள்.

"ரிசல்ட் வந்துடுச்சா? இன்னா சொன்னாங்க?"

"எல்லாம் நார்மலாம்."

அவள் முகம் மலர்ந்தது. அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"வராதா பின்ன? நான்தான் சொல்லி அனுப்பிச்சேன். எனக்கு ஸ்கேன் எடுக்கறதுக்கு முன்னாடி நல்லாத் தண்ணி குடிக்கச் சொன்னாங்க இல்ல, அது மாதிரி டெஸ்ட் நாளும் அதுக்கு முந்துன நாளும் வயிறு முட்ட குடிங்கடி, என் தங்கச்சி பரீட்சையில கோட்ட விட்டுடக் கூடாதுன்னு. பாவம், அந்த மறைப்பக் கட்டிக்கிட்டு ரெண்டு நாளும் மாத்தி மாத்திப் போனாளுங்களாம். மேஸ்திரி கூட ஒன்னும் சொல்லலியாம்."

இரண்டு பழைய புடவை, நாலு கொம்பு. அத்தனை வருஷமும் அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். வாய் வரை வந்ததை விழுங்கினேன். சொன்னால் அவள் கேட்ட பதில் அவளுக்குக் கிடைக்கும். அதை நிரூபிக்க முடியாமல் போனது அவளால்தான் என்பதும் கூடவே தெரிந்துவிடும். சாகப்போகிறவள் தலையில் அதைக் கட்ட எனக்கு மனசில்லை.

"அப்போ எல்லாரும் பாஸா?"

"எல்லாரும் பாஸ்க்கா."

மாதாவுக்கு ஸ்தோத்திரம் என்று சிலுவை போட்டுக்கொண்டாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அவர்களில் ஒருத்தி வயிற்றுப்பிள்ளைக்காரி, அவளை நினைத்துத்தான் பயந்தேன் என்றாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ எனக்கு மட்டும் ஏன்டி?"

நான் டம்ளரை எடுத்து நீட்டினேன். ஒரு வாய் எடுத்தாள். கொப்பளித்துத் துப்பினாள்.