தட்டு நிரம்பிய முகூர்த்த நாள்

தாமல் கிராமத்துக்காரரான தணிகாசலம் காஞ்சிபுரத்தில் ஒரு தந்தி ஆபீஸில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். சென்னையிலிருந்து 'கட் கட' என்று வரும் தந்திகளைக் காதால் வாங்கி, காகிதத்தில் எழுதி, மேசைத் தட்டில் போடுவார். இரண்டு பியூன்கள் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சாதாரண நாளில் முப்பது வரும். முகூர்த்த நாளிலோ கல்யாண வாழ்த்துகள் முன்னூறு ஒரே மூச்சில் கொட்டும். தட்டு நிரம்பினால் தணிகாசலம் சென்னைக்குப் 'பொறு' என்று தட்டிவிடுவார். தட்டு காலியாகும்வரை தந்திகள் அங்கேயே பத்திரமாகக் கிடக்கும்.

1967இல் வந்த மேலதிகாரி கோதண்டபாணிக்கு இது பிடிக்கவில்லை. லைனை நிறுத்தினால் மேலிடத்தில் தன் பெயர் கெடும், வருவதையெல்லாம் வாங்கு என்றார். எழுத்தில் தரவில்லை, வாய்வார்த்தைதான்.

அந்த ஆவணி முகூர்த்தத்தன்று தட்டு வழிந்தது, மேசை நிறைந்தது, தரையிலும் காகிதம் பறந்தது.

இரவுக்குள் தட்டு காலியானது. மறுநாள் காலை முதலில் வந்தது ஒரு தந்தி. பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் நீலாம்பாளுக்கு. ராணிப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஏலவார்குழலி இறந்துவிட்டாள். தட்டு காலியாக இருந்ததால் பத்தே நிமிஷத்தில் கைக்குப் போய்விட்டது.

நான்காம் நாள் பீரோவுக்குப் பின்னால் நீலாம்பாளுக்கு வந்த இன்னொரு தந்தி அகப்பட்டது. முகூர்த்தத்தன்று காலை பதினொரு மணிக்கு தணிகாசலம் தன் கையாலேயே எழுதியது. அவசரம் என்று மேலே வைத்ததாக ஞாபகம். அதன்மேல் எத்தனை வாழ்த்துகள் விழுந்தனவோ. கிழித்துப் போடச் சொன்னார் கோதண்டபாணி. தணிகாசலம் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு நீலாம்பாள் வீட்டுக்குப் போனார்.

"என்னப்பா எழுதியிருக்குது?" என்றாள் அவள்.

"உடம்பு மோசம். அம்மாவைக் கேட்டுக்கினே இருக்கா, உடனே புறப்படுன்னு இருக்குதும்மா."

அவள் தந்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அன்னிக்கி மத்தியானம் ஒரு பஸ் இருந்துச்சுப்பா" என்றாள்.

அவள் மருமகன் புகார் எழுதினார். விசாரணையில், தட்டு நிரம்பியதும் ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று தணிகாசலத்தைக் கேட்டார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். கோதண்டபாணி, தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார்.

தணிகாசலத்தைத் தந்திக் கருவியிலிருந்து எடுத்து, வாலாஜாபாத் ஆபீஸில் தபால்களுக்கு முத்திரை குத்தும் வேலைக்குப் போட்டார்கள். தை மாதம் எல்லா ஆபீஸுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது: தட்டு நிரம்பினால் லைனை நிறுத்தி வைக்கவும். அதை யோசித்துச் சொன்னவர் என்று கோதண்டபாணிக்கு அதில் பாராட்டும் இருந்தது. வாலாஜாபாத்தில் தணிகாசலம்தான் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியிருந்தது.