இடது பக்கச் சக்கரம்

பல்லுக்காரர் என்றால் ரிமோட் விமானம் விடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். தெருவில் எதிரே வந்தால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவர் வீட்டுக்கு வருவதெல்லாம் சக்கரங்கள்தான், ஆட்கள் வருவதில்லை. கூரியர்காரர் மணி அடிப்பார், கையெழுத்து வாங்குவார், டப்பாவை நீட்டுவார், போய்விடுவார். உள்ளே டயர் கழன்ற சக்கரமோ, பேரிங் தேய்ந்ததோ, பிரேக் பிடித்தால் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறதோ இருக்கும். சரிசெய்து அதே டப்பாவில் திருப்பி அனுப்புவார்.

இந்த ஏற்பாடு அவருக்குப் புதிதல்ல. வேலை பார்த்த காலமெல்லாம் ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்தவர். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் பல் கட்டி அனுப்புவார். எத்தனையோ பேர் இவர் செய்த பல்லைக் காட்டித்தான் கல்யாணப் போட்டோவில் சிரித்தார்கள். அதில் ஒருவர் முகத்தைக்கூட இவர் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, விமானப் பைத்தியம் பிடித்த ஒரு பல் டாக்டர் கடையில் கிடைக்காத அளவில் ஒரு டயர் கேட்டார். பல்லுக்கு எடுக்கிற மாதிரியே அச்செடுத்து, ரப்பர் ஊற்றிக் கொடுத்தார் இவர். விஷயம் வாய்வழியாகப் பரவி சக்கரங்கள் வரத் தொடங்கின. பெயர் மட்டும் பல்லிலேயே நின்றுவிட்டது.

விளையாட்டுச் சாமான்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு தடவை ரிமோட்டில் பறக்கிற ஒரு ஜெட்டின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கட்டில் நீளம் இருக்கும். வயிற்றுக்குள் நிஜமாகவே நெருப்பு எரிகிற எஞ்சின். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் எடையோடு, பஸ்ஸைவிட வேகமாக இறங்கும்போது, மொத்தப் பாரமும் உள்ளங்கையில் அடங்குகிற சக்கரங்களின் மேல் விழும். வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் கைதட்டல் வாங்குகிறவர்கள் தரைக்கு வந்து மூக்குடைபடுவது இங்கேதான். மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டயர் ஒரு பக்கம் சப்பையாகி, ஓடும்போது தடதடக்கும். சும்மா இருக்கும்போது முட்டுக்கொடுத்துத் தூக்கி வையுங்கள் என்று ஒவ்வொரு டப்பாவிலும் எழுதிப் போடுவார். ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கு வேலை ஏது.

மனைவி வெளிநாட்டில் இருந்தார். மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதம் என்று போனவர், பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் திரும்பவில்லை. இருவருக்கும் சண்டை கிடையாது. சண்டை என்றிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். போன் வரும். சாப்பிட்டாச்சா என்பார், ஆச்சு என்பார் இவர். மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு. அதற்குள் பேத்தி பின்னாலிருந்து கூப்பிடுவாள். மகளின் அறைதான் இப்போது பட்டறை. அவள் படித்த மேஜைமேல் சின்னக் கடைசல் இயந்திரம் உட்கார்ந்திருந்தது. தனக்குத் தனிமை என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் அவருக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை, கூரியரை நம்பாத ஒருவர் நேரில் வந்து நின்றார். கப்பலில் கேப்டனாக இருந்து கரையேறியவர். அவருடைய ஜெட்டின் இடது பக்கச் சக்கரத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிட்டது. பசை காய நேரமாகும் என்றார் பல்லுக்காரர். காயட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் கேப்டன். வாய் என்றால் அப்படி ஒரு வாய். புயல், துறைமுகம், கள்ளத்தனமாகக் கப்பலேறிய பூனை என்று ஓயாமல் பேசினார். அவர் சிரித்தபோது கடைவாயில் ஒரு பல் தெரிந்தது. மட்டமான வேலை. அந்த வேலையைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். ஒரு பல்லை அது இருக்கிற முகத்தோடு சேர்த்துப் பார்த்துப் பேசுவது பல்லுக்காரருக்கு அதுதான் முதல் தடவை. பசை எப்போதோ காய்ந்திருந்தது. பூனை இன்னும் கரை சேரவில்லை.

"மிச்சத்தை அடுத்த தடவை சொல்றேன் டாக்டரே" என்று எழுந்து போனார் கேப்டன். பல் செய்கிறவரெல்லாம் அவருக்கு டாக்டர்தான்.

அடுத்த சனிக்கிழமையே வந்தார். அதே டயர் மறுபடியும் கழன்றிருந்தது. தன் பசை விட்டுக்கொடுத்ததில் பல்லுக்காரருக்குக் கௌரவக் குறைச்சல். நல்ல காலம், இந்த முறை கேப்டன் சக்கரத்தை, அது மாட்டியிருக்கிற உலோகக் காலோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார். கால் விமானத்தில் பொருந்துகிற இடத்தில் தட்டையாக அராவி, அதன்மேல் ஒரு திருகு இறுக்கியிருக்கும். அந்தத் தட்டையை யாரோ கோணலாக அராவியிருந்தார்கள். அதனால் சக்கரம் நேரே பார்க்காமல் மயிரிழை வெளியே பார்த்தது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் டயர் பக்கவாட்டில் உரசி இழுபட்டது. பசைமேல் ஒரு குற்றமும் இல்லை.

டீ கொதிக்கிற நேரத்தில் முடிகிற வேலை. அரத்தைக் கையில் எடுத்துவிட்டார். பின்னால் கேப்டன் பூனையைத் துறைமுகத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். இதைச் சரிசெய்தால் டயர் கழலாது. டயர் கழலாவிட்டால் இந்த ஸ்டூலில் யார் உட்காருவார்? அரத்தைக் கீழே வைத்தார். டயரை மட்டும் ஒட்டினார், முன்னைவிடக் கெட்டியான பசை போட்டு. நல்ல மனிதர்தான் அவர். நல்ல மனிதர்கள் தப்புச் செய்தால் அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்து தொலைக்கிறார்கள்.

அதன்பிறகு சனிக்கிழமை என்றாலே பால் கூடுதலாக வாங்கினார். ரேடியோவுக்குப் பதில் சொல்வது நின்றுபோனது. மனைவி போனில், குரலே மாறியிருக்கே, என்ன விசேஷம் என்று கேட்டார். ஒரு சக்கரம் வந்திருக்கிறது என்றார். டயர் முதலில் சில வாரம் கழன்றது, பசை கெட்டியாக ஆக, கழலாமல் ஓரம் மட்டும் தேய்ந்தது. எப்படியோ கேப்டன் வந்தார். பல்லுக்காரருக்கு உறுத்தாமல் இல்லை. சனிக்கிழமை காலையில் சொல்லிவிடுவது என்று இருப்பார். மணி அடித்ததும் மென்று விழுங்கிவிடுவார்.

ஒரு சனிக்கிழமை, கப்பல் சமையல்காரர் ஒருவர் உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்ட கதையைத் தொடங்கினார் கேப்டன். கதவு வெளியே தாழிட்டுக்கொண்டது. கப்பலில் எல்லாரும் தூக்கம். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நாளைக்கு மைதானத்தில் பெரிய விழா, நீங்களும் வரவேண்டும், மீதியை அங்கே சொல்கிறேன் என்றார். இத்தனை சக்கரம் சரிசெய்தவர் ஒரு ஜெட் பறந்து பார்த்ததில்லை என்பதைக் கேப்டனால் நம்பவே முடியவில்லை.

மறுநாள் காரில் போகும்போது கேப்டன் சொன்னார்: "டயர் இப்பல்லாம் கழலறதில்ல டாக்டரே. ஆனா போன தடவை எறங்கினப்ப வண்டி இடது பக்கமா இழுத்துச்சு. காத்துதான்னு நெனக்கிறேன்."

பல்லுக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. காற்றல்ல, தன் பசை. முன்பெல்லாம் கோணலின் கோபம் டயரைக் கழற்றிவிட்டு அடங்கியது. இப்போது டயர் உடும்புப் பிடியாக நிற்பதால் அது விமானத்தையே இழுக்கிறது. அப்படியும் வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காலையில் கிளம்பும்போது எதற்கென்றே தெரியாமல் அரத்தை அதில் போட்டிருந்தார்.

மைதானத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். ஓடுதளத்தின் ஓரமாகக் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். கயிற்றை ஒட்டி முன்வரிசையில் குழந்தைகள். ஜெட் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று பல்லுக்காரர் ஒருவரிடம் விசாரித்தார். அவர் கைகாட்டினார். அப்படி இறங்கினால் கயிறு இடது பக்கம்.

கேப்டன் எஞ்சினைக் கிளப்பக் குனிந்தபோது பல்லுக்காரர் போய் அவர் கையைப் பிடித்தார்.

"பறக்க விடாதீங்க. இடது சக்கரம் கோணலா இருக்கு."

கேப்டன் நிமிர்ந்தார். "இப்ப பாத்தீங்களா?"

"இல்ல. நீங்க ரெண்டாவது தடவை வந்தீங்களே, அன்னிக்கே தெரியும்."

கேப்டன் குழந்தைகள் நின்ற பக்கம் பார்த்தார். திரும்பி இவரைப் பார்த்தார். கப்பலில் எத்தனை பேர் அந்தப் பார்வைக்கு நடுங்கினார்களோ.

"ஏன் சொல்லல?"

அங்கே வைத்து எதைச் சொன்னாலும் கேவலம்தான். பல்லுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொல்லியிருந்தா அன்னிக்கே சரியாயிருக்கும்."

கேப்டன் ஜெட்டைத் தூக்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பல்லுக்காரர் திருகைத் தளர்த்தி, தட்டையை நேராக அராவி, சக்கரத்தோடு ஒரு மரச்சட்டத்தை ஒட்டிவைத்துப் பார்த்து, இறுக்கினார். டீ கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஜெட் பறந்தது. எல்லாரும் மேலே பார்த்தபோது பல்லுக்காரர் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்து இறங்கி, கோடு போட்ட மாதிரி நேரே ஓடி நின்றது. கைதட்டினார்கள். கேப்டனைச் சுற்றிக் கூட்டம் கூடியது. திரும்பும் வழியில் கேப்டன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலில் இறக்கிவிட்டுப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினார் கேப்டன். சமையல்காரர் உறைபனி அறையிலேயே கிடந்தார்.

அடுத்த சனிக்கிழமை பழக்கத்தில் பால் அதிகம் வாங்கிவிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை வாங்கவில்லை. ஸ்டூல் காலில் இடித்துக்கொண்டே இருந்தது, ஆனாலும் அதை நகர்த்தவில்லை. ஊர்ப்பட்ட டப்பாக்கள் வந்தன, எல்லாவற்றையும் சரிசெய்தார். சக்கரம் என்னாச்சு என்று மனைவி கேட்டதற்கு, சரியாகிவிட்டது என்றார். நல்லதுதானே என்றார் அவர். ஆமாம், நல்லதுதான். ரேடியோவில் மழை வரும் என்றார்கள். வரட்டும் என்றார் இவர்.

மழைக்காலம் முடிகிற சமயம் கூரியரில் ஒரு டப்பா வந்தது. உள்ளே கேப்டனின் இடது பக்கச் சக்கரம். எடுத்துச் சுழற்றிப் பார்த்தார். பேரிங் வெண்ணெய் மாதிரி ஓடியது. டயரில் கீறல் இல்லை, தேய்மானம் இல்லை, சப்பை இல்லை. கடைசலில் மாட்டிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோளாறு பிடிபடவில்லை. சாப்பாட்டையும் மறந்து அதோடு மல்லுக்கட்டினார். தன் கண்தான் போய்விட்டது என்று பயந்து, கடைசியில் போனை எடுத்தார்.

"கேப்டன், சக்கரம் வந்துச்சு. நானும் காலைலேர்ந்து பாக்கறேன். இதுல கோளாறு ஒண்ணும் இல்லையே?"

"தெரியும்" என்றார் கேப்டன்.

ஓயாத அந்த வாய் ஒரு வார்த்தையோடு நின்று பல்லுக்காரர் கேட்டதில்லை.

"அனுப்பினா, திருப்பி வாங்கிக்க நேர்ல வரலாமேன்னுதான்" என்றார் கேப்டன்.

பல்லுக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தார். வாயில் வந்தது வேறு.

"அந்தச் சமையல்காரர் வெளிய வந்தாரா?"

"அதைப் போன்ல சொல்றதா இல்ல" என்றார் கேப்டன்.