பதினேழு துண்டுத் தோல்

"ஸ்விட்ச் போடலக்கா" என்று தவ்ஃபீக் இரண்டாம் முறையாகச் சொன்னார்.

"தெரியும்பா. சத்தம் அப்புறம்" என்றார் ஹெலன் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு, மின்சாரமே பாயாத அந்த டிஜிட்டல் பியானோவின் நடுக்கட்டையைப் பெருவிரலால் அமுக்கினார். மெல்ல, மிக மெல்ல. கட்டை அடிமட்டம் போய்ச் சேர நாலைந்து விநாடி ஆனது. விரலைச் சட்டென்று எடுத்து, கண்ணைத் திறந்து அது எழும்பி வருவதைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். பாதி வழியில் எங்கோ ஒரு சின்னத் தடுக்கல் இருந்திருக்க வேண்டும், தலையை லேசாக ஆட்டிக்கொண்டார்.

வேலூரில் அந்த இசைக்கருவிக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் ஸ்விட்சைப் போட்டு, இதில் வயலின் வருமா, தபேலா வருமா என்று கேட்பார்கள். விற்பனையும் ரிப்பேரும் சேர்த்துப் பார்க்கும் தவ்ஃபீக்குக்கு அதுதான் பழக்கம். ஊமைப் பியானோவை அரைமணி நேரம் அமுக்கிப் பார்க்கும் ஆளை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். நான் நாலு மாதமாகப் பார்க்கிறேன்.

ஹெலன் அக்கா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கும் மேஜையில் இருபத்தெட்டு வருடமாக நிற்கிறார். நிற்கிறார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அந்த மேஜைக்கு நாற்காலி கிடையாது. தோல் வந்து விழுந்ததும் பெருவிரல் அதன் மேல் ஓடும். உண்ணி கடித்த தழும்பும் முள் கிழித்த கோடும் முதலில் விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். ஓரத்தை மடித்துவிட்டு அது எவ்வளவு நேரத்தில் விரிகிறது என்று பார்ப்பார். அதை வைத்தே ஏ, பி, சி என்று சாக்பீசால் எழுதித் தள்ளிவிடுவார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து கருவியால் அளந்து பார்த்தாலும் அவர் எழுதிய எழுத்து மாறுவது அபூர்வம்.

இந்த விரல் சாயங்காலம் கம்பெனியோடு நின்றுவிடுவதில்லை. பஸ் சீட்டை ஒரு தடவு தடவி "ரெக்சின்" என்பார். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் கைப்பையைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னால், திருப்பிக் கொடுக்கும்போது "இது ஆட்டுத்தோல் இல்லீங்க, உங்கள ஏமாத்திட்டான்" என்பார். எங்கள் பாஸ்டர் புது பைபிள் வாங்கி ஆசையாகக் காட்டினார். அட்டையை அமுக்கிப் பார்த்து, "பி கிரேடு, பாஸ்டர்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவர் அக்கா. உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பாஸ்டர்தான் சிரித்துச் சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கை எங்கள் சர்ச்சில் பியானோ வாசிக்கும். இருபத்தாறு வருடம். முன்பிருந்த பாஸ்டரின் மனைவி கற்றுக்கொடுத்தது அந்தப் பியானோவில், இத்தனை வருடம் அக்கா வாசித்ததும் அதே பியானோவில். வேறு எந்தப் பியானோவையும் அவர் தொட்டதில்லை. ஆம்பூரில் தொட வேறு பியானோ எங்கே இருக்கிறது? வாசிப்பில் தப்பு வராது, தாளம் பிசகாது. ஆனால் எல்லாருக்கும் ஒரு குறை உண்டு. அவர் வாசிப்பதில்லை, அடிக்கிறார் என்பார்கள். கல்யாணப் பாட்டும், இறந்தவரை வழியனுப்பும் அடக்க ஆராதனைப் பாட்டும் ஒரே பலத்தில் வரும். பாடகர் குழுவுக்குச் செயலாளர் நான். "கொஞ்சம் மெதுவாக வாசித்தால் நல்லது" என்று ஒரு கடிதமே எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் படித்துவிட்டு, "நானும் பாக்கறேன் டீச்சர், வரமாட்டேங்குது" என்றார். சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளியில் நான் டீச்சர், அதனால் அவருக்கு நான் எப்போதும் டீச்சர்தான்.

போன மழைக்குப் பிறகு பியானோவின் அடிப்பலகையில் கரையான் ஏறிவிட்டது. இனி அதைத் தொட முடியாது என்றாகி, டிஜிட்டல் பியானோ வாங்கலாம் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. வாசிக்கிறவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று பொறுப்பை அக்காவிடம் கொடுத்தார்கள். அங்கேதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போட்டோம். ஒரு வாரத்தில் முடிகிற வேலை நாலு மாதம் இழுத்தது. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, சென்னைக்கு இரண்டு தடவை, வேலூருக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு கடை. கூட நான். ஒன்றும் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் அவர் பையில் இருந்தது. ஷூ அடிப்பகுதிக்கு வெட்டும் தடித்த தோலின் கழிவில், கட்டையின் அகலத்துக்குச் சரியாக, பதினேழு துண்டு வெட்டி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஐந்து கிராம், கம்பெனி லேப் தராசில் நிறுத்தது. பின்பக்கம் பேனாவால் ஒன்று முதல் பதினேழு வரை எண். கட்டையின் நுனியில் ஒவ்வொன்றாக அடுக்குவார், சாயாமல் இரண்டு பக்கமும் கையை அணை கட்டுவார். எத்தனையாவது துண்டில் கட்டை தானாக இறங்குகிறது என்று பார்ப்பார். சர்ச் பியானோவில் பதினேழாவது துண்டில் இறங்கும். கடைகளில் இருந்ததெல்லாம் ஒன்பதில், பத்தில் இறங்கியது. "இன்னா இது, ஊதினா போயிடும்போல இருக்கு" என்று துண்டுகளைப் பொறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார். அவ்வளவுதான், திரும்பி பஸ் ஏற வேண்டியதுதான்.

கமிட்டிக்குப் பொறுமை போய்விட்டது. இளைஞர்கள் ரொம்ப நாளாகவே தாளம் போடுகிற கீபோர்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை வாசிக்க ஆளும் தயாராக இருந்தார். இந்தச் சனிக்கிழமைக்குள் ஹெலன் முடிவு செய்யாவிட்டால் கீபோர்டு என்று தீர்மானமானது. அதைச் சொல்லவும், இந்தத் தடவை முடித்துக் கூட்டிக்கொண்டு வரவும் என்னை அனுப்பினார்கள். ஆம்பூரிலிருந்து வரும்போது பஸ்ஸில் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "கீபோர்டுல எடையே இல்ல டீச்சர், என் வெரலு அதுல நிக்காது. இன்னிக்கு ஒண்ணும் புடிக்கலன்னா நான் கடைசி பெஞ்ச்ல போய் ஒக்காந்துக்க வேண்டியதுதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது தூங்கிவிட்டார்.

கடையில் நாலு பியானோ. முதல் மூன்றும் ஒன்பதில் இறங்கின. நாலாவது, மேல்பக்கம் மரம் வைத்த கட்டைகள் உள்ளது, பத்தில் இறங்கியது. அக்கா வழக்கம்போல் பெருமூச்சு விட்டார். "அக்கா, டச் செட்டிங் இருக்கு. ஹெவின்னு வெச்சிக்கலாம்" என்று தவ்ஃபீக் ஒரு பட்டனைக் காட்டினார்.

"அதுல சத்தம்தாம்பா கம்மி ஜாஸ்தி ஆவும். கட்டையோட எடை மாறாது" என்றார் அக்கா.

தவ்ஃபீக் அசந்துபோனார். ஏதோ பொழுதுபோகாமல் வந்த அம்மா என்று நினைத்திருப்பார் போல. பக்கத்தில் வந்து தோல் துண்டுகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினில எறங்கணும்றீங்க?"

"பதினேழு. எங்க பியானோ அப்படித்தான். ஒரிஜினல் பியானோப்பா அது, மரம், கம்பி எல்லாம் உள்ளது. அது மாதிரி வேணும்."

தவ்ஃபீக் துண்டுகளை அக்கா கையில் கொடுத்தார். பிறகு, "உள்ள வாங்கக்கா" என்று திரைச்சீலையை விலக்கினார். பின்னறையில் ஒரு பியானோ நின்றது. டிஜிட்டல் இல்லை, மரப் பியானோ. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சர்வீசுக்கு வந்தது, நேற்றுதான் வேலை முடித்தாராம். "இதுல வெச்சுப் பாருங்க."

ஹெலன் அக்கா ஒன்று, இரண்டு என்று வைத்தார். எட்டு. ஒன்பது. பத்தாவது துண்டை வைத்துக் கையை எடுத்ததும் கட்டை சத்தமில்லாமல் கீழே போனது. அவர் நம்பவில்லை. இரண்டு கட்டை தள்ளி வைத்துப் பார்த்தார். பத்து. கறுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்று. பத்து.

"இதுவும் கெட்டுப்போச்சா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லக்கா. பியானோன்னா இவ்ளோதான். ஒங்கள்துதான் கெட்டுப்போயிருக்கு." தவ்ஃபீக் மெதுவாகத்தான் சொன்னார். ஒரு கட்டையைத் தூக்கி, கீழே குத்தியிருந்த சின்ன ஊசியையும், அது உரசாமல் இருக்க ஒட்டியிருந்த கம்பளித் துணியையும் காட்டினார். "மழைத்தண்ணி, ஈரம் பட்டுச்சுன்னா இந்தத் துணி ஊறி உப்பிக்கும். ஊசி துரு புடிக்கும். அப்புறம் கட்டை இறுகிடும், எழும்பவும் லேட்டாவும். ஒரே நாள்ல ஆவறது இல்ல, வருஷக்கணக்குல ஆவும். அதனால வாசிக்கறவங்களுக்குத் தெரியாது. கைதான் பேஜாராயிடும்."

அக்கா பேண்டேஜ் சுற்றிய மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். தோல் வேலையால் வந்த வலி என்றுதான் ஈஎஸ்ஐ டாக்டரிடம் இத்தனை வருடமும் சொல்லி மருந்து வாங்கியிருக்கிறார். "நம்ம பிரிசில்லா இல்ல டீச்சர்" என்று ஆரம்பித்தார். "கத்துக்க வந்தாளே. வெரல்ல எலும்பே இல்லியாடின்னு திட்டினேன். அவ மட்டுமா, வந்த ஆறு பேரையும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன். வெரல்ல பலமில்லன்னு." கொஞ்சம் நிறுத்தி, "வருஷா வருஷம் டியூனர் வர்றாரே, அவரு ஒண்ணும் சொல்லலியே?" என்றார்.

டியூனர் வருவது வேலை நாளில். அக்கா அப்போது மேஜையில் நின்றுகொண்டிருப்பார். சாவியை வைத்துக்கொண்டு சர்ச்சில் இருப்பது நான். சுருதி சேர்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு வருடமும் அவர் ஒன்று சொல்வார். கட்டையெல்லாம் ரொம்ப இறுகிக் கிடக்கிறது, பிரித்து வேலை செய்ய வேண்டும், நாலு நாள் ஆகும். நாலு நாள் சர்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு யார் காவல் இருப்பது? அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் சொல்வேன். நான் செயலாளராகி எட்டு வருடம். மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது அதில் ஐந்தாவது வருடம்.

"சொன்னாருக்கா" என்றேன். "எங்கிட்டதான் சொன்னாரு."

வாயைத் திறந்து அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர் திட்டவில்லை. "ஓ" என்று மட்டும் சொன்னார். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

மரக் கட்டைகள் வைத்த அந்த நாலாவது பியானோவுக்குமுன் உட்கார்ந்தார். "ஸ்விட்ச் போடுப்பா."

இரண்டு கையாலும் வழக்கமான பலத்தோடு அடித்தார். கடையே அதிர்ந்தது. கிடார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அக்கா சட்டென்று கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மறுபடி வைத்தார், இந்தத் தடவை தோல் மேல் விரல் ஓடவிடுகிற மாதிரி. அடக்க ஆராதனைக்கு வாசிக்கிற பாட்டு. இருபத்தாறு வருடமாக இடி மாதிரிக் கேட்ட பாட்டு, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல் அவ்வளவு அடங்கி வந்தது. இரண்டு இடத்தில் விரல் பழக்கதோஷத்தில் ஓங்கிவிட்டது. நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தார்.

"மெதுவா வருது டீச்சர்" என்றார் திரும்பாமலே. "எனக்கு மெதுவா வாசிக்க வருது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் முகம்தான் இருந்தது. "இதையே எழுதிக்க தம்பி" என்று தவ்ஃபீக்கிடம் சொன்னார். தவ்ஃபீக் ரசீதுப் புத்தகம் எடுக்க உள்ளே போனார்.

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அக்கா பியானோ மூடியின் மேல் கிடந்த துண்டுகளைப் பத்து வரைக்கும் எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்தார். மிச்சம் ஏழு, எங்கள் பியானோ அவர் விரலிடம் கூடுதலாகக் கேட்ட எடை. அவற்றையும் பைக்குள்தான் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். என் வலது கையைப் பிடித்து இழுத்துத் திருப்பி, உள்ளங்கையில் ஒவ்வொன்றாக ஏழையும் வைத்தார். பிறகு என் விரல்களை மடக்கி மூடிவிட்டு, பியானோ பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.