என்னோடு ஜெபிக்க ஒருவரைக் கேட்டேன்

சபையின் சகோதரரே, சகோதரிகளே, என் வீட்டுப் படியை ஒருவரும் மிதியாதிருந்த நாட்களில் ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதை எழுத நெடுநாள் தயங்கினேன்.

என் மனைவி காலமான பின்னர், திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் நானும் மகள் நிரோஷாவும் மாத்திரமே இருந்தோம். அவள் வணிக முகாமைத்துவத்தில் பட்டம் பெற்றவள். பட்டம் பெற்றும் வேலையின்றி வீட்டிலேயே இருந்தாள். கடந்த ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் குசினி வாசலில் நின்று, தான் கடற்படையில் வழங்கல் அதிகாரியாகச் சேர எண்ணுவதாகச் சொன்னாள்.

"உணவு, எண்ணெய், மருந்து, உதிரிப்பாகம் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேரப் பார்க்கிற வேலை, அப்பா. நான் படிச்சதே அதைத்தானே. ஆனா நீங்கள் என்ர தலையிலை கை வைச்சு ஜெபிச்சு அனுப்பினால்தான் போவன். இல்லாட்டிப் போகன்."

யுத்த காலத்தை இந்த ஊரிலேயே கழித்தவன் நான். படை என்ற சொல் எங்கள் வீடுகளில் எவ்விதமாகக் கேட்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் பிள்ளை அந்தச் சீருடையை அணிவதா? அணிய வேண்டாமென்று சொல்ல நான் யார்? போ என்று ஜெபிக்கவும் ஏலவில்லை, போகாதே என்று ஜெபிக்கவும் ஏலவில்லை.

கதை எப்படியோ வெளியே போயிற்று. சந்தையில் நம் சபைச் சகோதரர் ஒருவர், பலரும் கேட்கும்படியாக, "என்ன அண்ணை, இனி உங்கட வீட்டுக்கு வாறதெண்டா சோதனைச் சாவடியிலை மாதிரி அடையாள அட்டை காட்ட வேணுமோ?" என்றார். மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

புதன்கிழமைகளில் வீட்டுக்கு வீடு முறை வைத்து ஜெபக்கூட்டம் நடத்துவது நம் வழக்கம். பங்குனியில் எங்கள் முறை வந்தது. கதிரைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டேன். நிரோஷா கடலை அவித்து, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். பொழுது சாய்ந்தது. ஒருவரும் வரவில்லை. ஒழுங்கையில் யாரோ வரும் சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்குப் போனேன். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

நாங்கள் இருவர் மாத்திரமே பாடினோம். இரண்டாவது சரணத்தில் அவளுடைய குரல் நின்றுவிட்டது. "நான் போகேல்லை அப்பா. விடுங்கோ," என்றாள். மறுநாள் காலையில், மிஞ்சிய கடலையைக் கடற்கரையில் மேயும் மான்களுக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

அன்று நான் முழங்காலில் நின்றேன். மகள் போகட்டும் என்றும் கேட்கவில்லை, நிற்கட்டும் என்றும் கேட்கவில்லை. "ஆண்டவரே, என்னோடு சேர்ந்து ஜெபிக்க ஒரு மனுஷரை அனுப்பும். ஒருவர் போதும்," என்றேன். நாள்தோறும் அதையே கேட்டேன். அவள் முன்பே விண்ணப்பித்திருந்தபடியால் நேர்முகப் பரீட்சை நெருங்கியது. வாசல் அப்படியே கிடந்தது.

பரீட்சைக்கு முந்தின வாரம், நல்ல வெயிலில், உப்புவெளியிலிருந்து பஸ் ஏறி நம் சபை ஞானம் அக்கா வந்தார். அவருடைய மூத்த மகன் யுத்த காலத்தில் படையினரால் கொண்டுபோகப்பட்டவன், இன்றுவரை திரும்பாதவன். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

"ஏன் தம்பி, கூட்டம் வைச்சனீங்களாம். எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களிட்டச் சொல்ல வாய் வரேல்லை அக்கா."

அவர் கதிரையில் அமர்ந்து நிரோஷாவை அருகே அழைத்தார். "பிள்ளை, உனக்கு அங்க என்ன வேலை?"

"சாப்பாடு, சாமான் எல்லாம் போய்ச் சேரப் பார்க்கிறது, மாமி."

"அரிசி பருப்பு அனுப்பவோ கம்பசுக்குப் போய்ப் படிச்சனீ?" என்று கேட்டுவிட்டு அக்கா தாமே சிரித்தார். பல நாட்களுக்குப் பிறகு என் மகளும் சிரித்தாள்.

பின்னர் அக்காவின் முகம் மாறியது. "மகனைத் தேடி நான் எத்தினை முகாம் வாசலிலை நிண்டனான். 'இருங்கோ அம்மா' எண்டு எனக்கு விளங்கிற பாஷையிலை சொல்ல ஒருத்தரும் இல்லை. நீ போனா, வாசலிலை நிக்கிறவையை ஒருக்கா எட்டிப் பார். அது போதும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் ஒண்டையும் மறக்கேல்லை. மறக்கச் சொல்லி ஆண்டவர் என்னட்டக் கேக்கவும் இல்லை. பிள்ளைக்கு ஜெபிக்கிறது வேற. வாங்கோ, கையை வையுங்கோ."

அவருடைய கை முதலில் அவளது தலையில் இருந்தது. அதன் மேல் என் கையை வைத்தேன். அவரே ஜெபித்தார். நான் ஆமென் மாத்திரம் சொன்னேன், அதுவும் அழுகையோடு.

நிரோஷா தெரிவு செய்யப்பட்டு இப்போது பயிற்சியில் இருக்கிறாள். சபையில் சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் காயம் உண்டு. வீட்டில் நான் தனியே. பேணியால் அளந்த ஒரு சுண்டு அரிசி எனக்கு இரண்டு வேளைக்குக் காணும். சாயங்காலங்கள் நீளமானவை. இதை மறைத்துச் சாட்சி சொல்ல நான் விரும்பவில்லை.

ஆயினும் கேட்ட ஒருவரை ஆண்டவர் அனுப்பினார். அதுவும் நான் கேட்கத் துணியாத ஒருவரை. ஆண்டவருக்கே ஸ்தோத்திரம். என்ன கேட்பதென்று அறியாமல் தவிக்கும் சகோதரரே, அறியாமலேயே அவரிடம் போங்கள். துணைக்கு ஓர் ஆளைத் தாரும் என்றாவது கேளுங்கள்.

இப்போது மாலை ஜெபத்தில் என் மகளின் பெயரைச் சொன்ன பின்பு, அக்காவின் மகனுடைய பெயரையும் சத்தமாகச் சொல்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்பதை நான் நிறுத்தப் போவதுமில்லை. நீங்களும் என்னோடு சேர்ந்து கேளுங்கள்.