நோன்பில் விட்டவனுக்கு மற்ற மாசம் ஏலாதா?

போன கிழமை சின்ன மகள் மதரஸாவிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "உன்ட வாப்பா வேதக்காரனாகிட்டாராமே" என்று பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டிருக்கிறாள். வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன் என்றுகூட மகளுக்கு விளங்கவில்லை. மூத்தவனுக்கு விளங்கியும் என்னிடம் கேட்கவில்லை. ஆகவே உங்கள் எல்லாருக்கும் நானே சொல்கிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் உங்களோடு இல்லை.

உங்கள் வாப்பா குடிகாரன். உங்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடக்கிறதுதான் ஊர் மரியாதை. கருவாட்டு லொறியில் சிலாபம் போய் வருகிற வழியில் குடித்துவிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடப்பேன். கடந்து போகிறவர் என் சாரத்தை இழுத்து மூடிவிட்டு, "மச்சானுக்கு பிரஷர் கூடிட்டு போல" என்று சொல்லிவிட்டு நடப்பார்.

விட வேண்டும் என்று முதலில் நான் போனது நம் பள்ளிவாசலுக்குத்தான். நிர்வாகத்தில் இருக்கிறவர் என் உம்மாவுக்குச் சொந்தம், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நோன்புல ஒரு சொட்டாவது தொடுறியா?"

"இல்ல மாமா."

"பின்ன? நோன்பு மாசம் முழுக்க ஏலுமெண்டா மத்த மாசம் என்னத்துக்கு ஏலாது? ஒனக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்ல மகன். அல்லாஹ் மேல ஈமான் குறைவு. தவ்பா செய்."

செய்தேன். வருஷா வருஷம் பாவமன்னிப்புக் கேட்டேன். நோன்பில் என்னைப் போல நல்லவன் இல்லை. பெருநாள் தொழுதுவிட்டு வந்து, உங்களுக்குப் புது உடுப்புப் போட்டுவிட்டு, பின்னேரம் ஆளைக் காணக் கிடையாது. உங்கள் உம்மா வட்டிலப்பத்தை வெட்டாமல் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருப்பாள்.

கை நடுக்கத்துக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், ஒரு சிங்கள நர்ஸ் மிஸ்ஸிதான் சொன்னார். சிலாபத்துப் பக்கம் மாதா கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் குடியை விட்டவர்களும் விடப் பார்க்கிறவர்களும் கூடுகிறார்களாம். என்ன சமயம் என்று கேட்க மாட்டார்களாம்.

முதல் கிழமை வாசலில் மாதா சிலையைக் கண்டதும் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த கிழமை உள்ளே போனேன். பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்டீ, தமிழும் சிங்களமும் கலந்த கதை. என் தொப்பியைப் பார்த்து ஒரு மீன்பிடிகாரர், "வாங்க நானா, குடிச்சு அழியிற பாக்கியம் எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் எண்டு நினைச்சிருந்தம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் முறை வந்தபோது நோன்புக் கதையைச் சொன்னேன். மாமா கேட்ட கேள்வியைச் சொல்லி, எனக்கும் மறுமொழி தெரியாது என்றேன். "நோன்புல பொழுது எப்படிப் போகும்?" என்று கேட்டார்கள். விடியமுன் சஹர் சாப்பிட உங்கள் உம்மா எழுப்புவாள், பொழுதுபட மஃரிபுக்குப் பள்ளி விறாந்தையில் எல்லாரோடும் இருந்து கஞ்சி குடிப்பேன், இரவுத் தொழுகை தராவீஹில் தோளோடு தோள் நிற்பேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் எனக்கே விளங்கியது. நான் எங்கே தனிய விட்டேன்? ஊரே பக்கத்தில் இருந்து பிடித்திருக்கிறது. பெருநாளோடு ஊர் கையை எடுத்துவிடுகிறது. அந்தக் கையைத்தான் இந்த மண்டபத்தில் கிழமைக்குக் கிழமை தருகிறார்கள்.

அங்கிருந்து வெளியே வருவதை யாரோ கண்டுவிட்டார்கள். ஒழுங்கையில் விழுந்து கிடந்த காலம் முழுக்க என்னைக் கூப்பிட்டு விசாரிக்காத நிர்வாகம், எழும்பி நடந்ததற்கு விசாரிக்கக் கூப்பிட்டது. அஸர் தொழுது முடிந்து பள்ளியில் இருந்தோம்.

"கோவில்ல ஒனக்கு என்ன வேலை?" என்று மாமா கேட்டார்.

"குடியை விடப் போறேன்."

"மெதுவாக் கதை. வெளில ஆக்கள் நிக்கிறாங்க."

"அந்த ஆக்கள்தானே மாமா என்ட சாரத்தை மூடி விட்டது?"

அவர் முகம் கறுத்தது. நான் விடவில்லை. "கோவிலுக்குப் போகாம இருக்கிறேன். கஞ்சி குடிக்கிற விறாந்தையைச் சனிக்கிழமை பின்னேரத்தில தாங்க. பாய் நானே விரிக்கிறேன். நம்மட ஊர்ல குடிக்கிறவங்க வந்திருந்து கதைக்கட்டும்."

"நம்மட ஊர்ல அப்படி ஆக்கள் இல்ல."

"அப்ப உங்களுக்கு முன்னால இருக்கிற நான் ஆரு?"

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அங்க போறத நிப்பாட்டு. இல்லாட்டி நாளைக்குப் புள்ளைகளுக்குக் கலியாணம் பேசக்குள்ள இந்தக் கதையும் வரும்."

பிள்ளைகளே, அதுவரை என்னைத்தான் பேசினார்கள். பொறுத்தேன். உங்களைத் தொட்டதும் பொறுக்க முடியவில்லை. அடித்துவிடுவேனோ என்று பயந்து எழும்பி வந்துவிட்டேன். வரும் வழியில் குடிக்கத் தோன்றியது என்பதையும் மறைக்க மாட்டேன்.

வீட்டில் உங்கள் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "குடிகாரன்ட புள்ளைகள் எண்டு சொன்னாலும் கலியாணம் நிக்கும்தான். அதுக்கு ஆரும் உங்களை ஒரு நாளும் கூப்பிட்டுப் பேசல்லையே? சனிக்கிழமை போங்க."

போய்க்கொண்டிருக்கிறேன். இந்தக் கிழமையும் போவேன். போகாவிட்டால் எங்கே கிடப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மகள், அந்தப் பிள்ளை திரும்பக் கேட்டால் அழாதே. "எங்கட வாப்பா குடிக்கிறவர், அதை விடுறதுக்குப் போறார்" என்று சத்தமாகச் சொல்லு. மதரஸா உஸ்தாத் கேட்டாலும் அதையே சொல்லு. ஆனால் அவளுடைய வாப்பாவைப் பற்றி உனக்கு என்ன தெரிந்திருந்தாலும் வாய் திறக்காதே. அது அவர் தன் வாயால் சொல்ல வேண்டியது. அதற்கு நம் ஊரில் அவருக்கு ஒரு பாயளவு இடம்கூடத் தர மாட்டோம் என்கிறார்கள்.